மூன்று வயதுக்கு ஓர் அறை

புனே மாவட்டத்தின் மாவள் வட்டத்தில், மும்பையையும் புனேயையும் இணைக்கும் ரயில் பாதையை ஒட்டி அமைந்துள்ள தளேகாவ், மராட்டிய அரசின் சேனாபதிகளாக விளங்கிய தாபாடே குடும்பத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, தளேகாவ் தாபாடே என்று அரசு ஏடுகளில் எழுதப்படுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 56 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்த இவ்வூர், அதன்பின் சுற்றிலும் எழுந்த தொழிற்சாலைகளாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் பெருத்து, 'காவ் பாக்' எனப்படும் பழைய ஊரும் 'ஸ்டேஷன்' எனப்படும் ரயில் நிலையப் பகுதியும் ஒரே நகராட்சியின் கீழ் வளர்ந்துவரும் நகரமாக இருக்கிறது. இத்தகைய ஒரு நகரத்தில் மூன்று வயது நிரம்பிய குழந்தை, ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் போகும்வரை தன் பகல் பொழுதை எங்கே, யாருடைய பொறுப்பில் கழிக்கிறது என்று கேட்டால், நகராட்சி ஒன்றின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதும் சேர்ந்தே வெளிப்படும்.

பள்ளிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் விளையாட்டு, கதை, பாட்டு, கைவேலை ஆகியவற்றின் வழியே நடைபெறும் கற்றலே முன்பருவக் கல்வி எனப்படுகிறது. 2002இல் செய்யப்பட்ட 86ஆம் திருத்தத்துக்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் பதினான்கு வயதுவரையிலான கல்வியைக் கட்டாயமாக்கிவிட்டு, மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்ற அளவில் நின்றுகொண்டது. 'வேண்டும்' என்பதற்கும் 'லாம்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இக்குழந்தைகளின் உரிமை அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளாட்சிகளின் பணிகளைப் பட்டியலிடும் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால் இன்னொரு விந்தை தெரிகிறது. கிராம ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையில் மகளிர், குழந்தைகள் மேம்பாடு 25ஆவது பணியாக வெளிப்படையாக இடம்பெற்றிருக்க, நகர்ப்புற அமைப்புகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பணிகளில் அந்தச் சொற்களே இல்லை. கல்வி, பண்பாடு, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பது என்ற பொதுவான ஒரு வரிதான் இருக்கிறது. ஊராட்சியாக இருந்தவரை குழந்தைகளுக்குப் பொறுப்பாளியாக இருந்த ஓர் ஊர், நகராட்சியாகத் தரம் உயர்ந்ததும் காகிதத்தில் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

நகரங்களில் அந்த வெற்றிடத்தை நிரப்பிவருவது அங்கன்வாடி. தமிழ்நாட்டில் நாள்தோறும் வாயில் புழங்கும் இச்சொல் மராத்தி நிலத்தில் உருவானது என்பதைத் தமிழர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்காவுடன் இணைந்து குழந்தைக் கல்வியில் ஈடுபட்ட தாராபாய் மோடக், மாண்டிசோரி முறையைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் நோக்கத்துடன், 1945இல் இன்றைய பால்கர் மாவட்டத்திலுள்ள போர்டி என்ற ஊரில் 'பாலவாடி'யைத் தொடங்கினார். பழங்குடி மக்களின் குழந்தைகள் அந்தக் கட்டடத்துக்கு வராததைக் கண்டு, குழந்தை வராத இடத்தில் பள்ளி இருந்து பயனில்லை என்று முடிவுசெய்த அவரும் அவருடைய உடனுழைப்பாளர் அனுதாய் வாக்கும், பாய்களையும் பொம்மைகளையும் எடுத்துக்கொண்டு குடிசைகளின் முற்றத்துக்கே சென்று வகுப்பு நடத்தினர். முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்' என்று பெயர். இலை, கூழாங்கல், விதை, களிமண் என அங்கே கிடைத்தவையே கற்பிக்கும் பொருள்களாயின. 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் நடுவண் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், தன் மையங்களுக்கு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. மகாராஷ்டிராவில் அது முதலில் வந்த இடங்களில் ஒன்று அமராவதி மாவட்டத்தின் தாரணி. பெயரோடு முற்றமும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நகரத்து அங்கன்வாடிகளில் பெரும்பாலும் இல்லாதது அதுதான்.

இத்திட்டம் ஆறு பணிகளை ஒரே மையத்தில் குவிக்கிறது. துணை உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கான ஊட்டச்சத்து அறிவுரை, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தல் ஆகிய இவற்றை ஒரு சேவிகாவும் ஓர் உதவியாளரும் சேர்ந்து செய்கின்றனர். சேவிகா என்பவர் தமிழ்நாட்டின் அங்கன்வாடிப் பணியாளருக்கு இணையானவர். 'மதத்னீஸ்' என்று மராத்தியில் அழைக்கப்படுபவர் உதவியாளர். இருவருக்கும் மேற்பார்வையாளரும், அவருக்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும் உள்ளனர். இந்த நிர்வாக ஏணியில் நகராட்சிக்குப் படி ஏதும் இல்லை. ஆனால் மையத்துக்கு வரும் குடிநீர், அதன் வாசலில் ஓடும் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, நிலம் எல்லாம் நகராட்சியின் கையில் இருக்கின்றன. ஒரு நகராட்சி முன்பருவக் கல்வியைத் திட்டமிடுவது என்பது தனியாக ஒரு மழலையர் பள்ளியைத் திறந்து பெயர்ப்பலகை மாட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. மாநில அரசு ஆளையும் உணவையும் தருகிற இடத்தில், அறையையும் தண்ணீரையும் நகராட்சி தருவதே இருக்கும் பணத்தில் அதிகப் பயன் தரும் வழி.

எந்தத் திட்டமும் எண்ணிக்கையில் தொடங்குகிறது, முன்பருவக் கல்வியின் எண்ணிக்கையோ பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் '0-6' என்று குறிக்கப்படும் பிரிவு ஏழு பிறந்த ஆண்டுகளைத் தன்னுள் அடக்கியது. 2011இல் நாட்டு மக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினர் இப்பிரிவில் இருந்தனர். அதே விகிதத்தைத் தளேகாவுக்குப் பொருத்தினால் ஏறக்குறைய 7 ஆயிரம் குழந்தைகள். அவர்களில் மூன்று, நான்கு, ஐந்து வயதினர் மட்டும் ஏழில் மூன்று பங்கு, அதாவது 3 ஆயிரம் பேர். 2013இல் வெளியான தேசிய முன்பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கை 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும், இவ்வயதினரில் 20 பேருக்கு ஒரு பெரியவரும் வேண்டும் என்று தரம் வகுத்திருப்பதால், 3 ஆயிரம் குழந்தைகளுக்கு 100 அறைகளும் 150 பெரியவர்களும் தேவைப்படுவர். இன்னொரு பக்கம், 400 முதல் 800 பேர்வரை வாழும் பகுதிக்கு ஓர் அங்கன்வாடி என்ற திட்ட விதியைப் பிடித்துக்கொண்டு கணக்கிட்டால், 56 ஆயிரம் பேருக்குக் குறைந்தது 70 மையங்கள் என்ற விடை வருகிறது. கட்டணம் செலுத்தித் தனியார் மழலையர் பள்ளிகளுக்குச் செல்லும் குழந்தைகளைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அவர்களைக் கழிப்பதற்கும் யாராவது முதலில் எண்ண வேண்டும்.

எண்ணும்போது விடுபடுவோர் எப்போதும் ஒரே கூட்டத்தினர்தாம். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்து, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்கு நகரும் குடும்பங்களின் குழந்தைகள், சேவிகா வீடுவீடாகக் கணக்கெடுக்கும் நாளில் ஊரில் இருப்பதில்லை, இருந்தாலும் அவர்களுடைய தகரக் கொட்டகைக்கு எண் இல்லை. இவர்களுக்காகவே பயன்படக்கூடிய ஒரு கதவு நீதிமன்றத்தால் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது: 2006 டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத எந்தக் குடியிருப்பும் கோரிக்கை வைத்தால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தரப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. கோரிக்கை எழுதத் தெரிந்தவர்களின் குழந்தைகள் ஏற்கெனவே தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுகின்றனர் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். தங்கள் வார்டில் எந்தக் காலிமனையில் எத்தனை கொட்டகைகள் முளைத்துள்ளன என்பதை அறிந்த நகராட்சி உறுப்பினர்கள் அந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

எண்ணிக்கைக்கு அடுத்தது இடம். நகரத்தில் அதுவே பெரும் சிக்கல். அங்கன்வாடிக் கட்டடத்துக்கு 600 சதுர அடி, தனிச் சமையலறை, பொருள் வைப்பறை, குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை, விளையாட இடம், குடிநீர் என்று விதி சொல்கிறது. நகரத்து நடைமுறையில் மையம் பெரும்பாலும் வாடகை அறையிலோ, கோவில் திண்ணையிலோ, 'சமாஜ மந்திர்' எனப்படும் சமுதாயக் கூடத்திலோ நடைபெறுகிறது. வாடகை அறையில் குழாய் வீட்டுக்காரருடையது. சமுதாயக் கூடத்தில் திருமணமோ கூட்டமோ வந்தால் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அப்படிப்பட்ட பத்துக்குப் பத்து அறை ஒன்றின் காலைப் பொழுதை நினைத்துப் பார்ப்பது பயனுள்ளது. சுவரோரம் வரிசையாக அவிழ்த்துவிடப்பட்ட செருப்புகள், உத்தரத்தில் மாட்டிய எடைபார்க்கும் தராசின் தொட்டிலில் அலறும் கைக்குழந்தை, அதைப் பார்த்துத் தானும் அழத் தயாராகும் இன்னொன்று, மகளிர் சுயஉதவிக் குழுவினர் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்த கிச்சடியோ முளைகட்டிய பயறில் செய்த உசலோ ஆறுவதற்காகக் காத்திருக்கும் தட்டுகள், இவற்றுக்கு நடுவே கைப்பேசியில் 'போஷன் டிராக்கர்' செயலியைத் திறந்து வருகையைப் பதியும் சேவிகா. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கலோரியும் புரதமும் தர வேண்டும் என்ற விதி அந்தத் தட்டில் நிறைவேறுகிறது; கதையும் பாட்டும் மீதமிருக்கும் நேரத்துக்குத் தள்ளப்படுகின்றன. உணவை அளக்கலாம், எடையை அளக்கலாம். ஒரு குழந்தை அன்று புதிதாக ஒரு சொல் பேசியதை எந்தச் செயலியும் கேட்பதில்லை.

இந்தக் குறையை உணர்ந்தே 2020இன் தேசியக் கல்விக் கொள்கை முன்பருவத்தின் மூன்று ஆண்டுகளையும் முதலிரண்டு வகுப்புகளையும் இணைத்து ஐந்தாண்டு அடித்தளப் பருவமாக்கியது. 2023இல் நடுவண் அரசு, ஊட்டத்தோடு கல்வியும் என்ற பொருளில் 'போஷன் பீ, படாயீ பீ' என்ற திட்டத்தை அறிவித்து, சேவிகாக்களுக்கு முன்பருவக் கல்விப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. பயிற்சி நல்லதுதான். எனினும் அதைப் பெறுபவர் அரசு ஊழியராகக்கூடக் கருதப்படாமல் மதிப்பூதியத்தில் பணியாற்றுபவர் என்பதையும், 2023 டிசம்பரில் மகாராஷ்டிராவின் அங்கன்வாடிப் பெண்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உறுதிசெய்யவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிட்டுக் கற்பித்தலின் தரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. தளேகாவ் போன்ற ஊரில் மொழியும் ஒரு சுமை. மாவளின் மலைச்சரிவுகளிலிருந்து வரும் காத்கரி பழங்குடிக் குழந்தையும், வட மாநிலத் தொழிலாளியின் குழந்தையும், தேஹு ரோடு போன்ற அண்டைப் பகுதிகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தின் குழந்தையும் ஒரே பாயில் அமரும்போது, மராத்திப் பாட்டு அவர்களில் ஒருவருக்கேனும் அந்நியமாகத்தான் ஒலிக்கும்.

நேரமும் பொருந்துவதில்லை. நண்பகலையொட்டி மூடிவிடும் மையம், தொழிற்சாலையில் எட்டு மணி நேர ஷிப்டு பார்க்கும் தாய்க்குப் பாதி நாள்தான் உதவுகிறது. மீதிப் பாதிக்கு ஆளில்லாததால் அவர் முழு நாளையும் இழக்கிறார், அல்லது எட்டு வயது மூத்த மகள் தன் பள்ளியை இழக்கிறாள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுப் பயன் சட்டமும் 2025வரை கூறிவந்தன. அங்கன்வாடியையே மாலைவரை நீளும் காப்பகமாக்கும் 'பால்னா' திட்டமும் உள்ளது. அதற்கும் முதல் தேவை, மாலையில் யாரும் பூட்டிவிடாத ஓர் அறை.

உள்ளாட்சியே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரம் சான்றாகக் காட்டப்படுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பெற்றோர் தாங்களே கட்டிக்கொண்ட பள்ளியிலிருந்து உந்துதல் பெற்று, 1963இல் தன் முதல் நகராட்சி மழலையர் பள்ளியைத் தொடங்கிய அந்நகரம், லோரிஸ் மலகுட்ஸியின் வழிகாட்டுதலால் உலகமே வந்து பார்க்கும் இடமாயிற்று. தமிழ்நாடு சென்ற வழி வேறு: 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைப் பள்ளி செல்லாத சிறு குழந்தைகளிலிருந்தே தொடங்கியது. உள்ளாட்சியின் கையை எதிர்பாராமல், மாநிலத்தின் பணமும் அரசியல் விருப்பமும் ஊர்தோறும் ஒரு மையத்தை நிறுத்தின. தளேகாவுக்கு இரண்டில் எதுவும் அப்படியே பொருந்தாது. ஆயினும் பொதுமக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய நிதியில் 1908இல் கண்ணாடித் தொழிற்சாலை கண்ட ஊருக்கு, பெற்றோர் கட்டிய பள்ளி என்பது புரியாத கதையாக இருக்காது.

பணம் ஒரேயடியாக இல்லை என்றும் சொல்ல முடியாது. மகாராஷ்டிர நகராட்சிகளின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் மகளிர், குழந்தைகள் நலக் குழுவுக்கு இடமளிக்கிறது. வரவுசெலவில் 5 விழுக்காட்டை அத்துறைக்கு ஒதுக்கும் ஏற்பாடும் மாநிலத்தில் இருக்கிறது. தையல் பயிற்சியிலும் விழாக்களிலும் கரையும் அந்தத் தொகை, பல நகராட்சிகளில் குழந்தைகளின் கழிப்பறைவரை வந்துசேர்வதில்லை. மேலும், 2022க்குப் பின் சில ஆண்டுகள் மாநிலத்தின் நகராட்சிகள் பலவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் முதன்மை அதிகாரி மட்டும் நிர்வகித்ததால், கேள்வி கேட்கும் குழுவும் கூடவில்லை. நிலத்தின் கதை இன்னும் நேரானது. 1966ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின்படி வரையப்படும் வளர்ச்சித் திட்டத்தில் பொதுத் தேவைகளுக்கு நிலம் ஒதுக்கும் அதிகாரமும், பெரிய மனைப்பிரிவுகளில் பொதுவசதிக்கென விடப்படும் இடத்தைப் பெறும் உரிமையும் திட்டமிடும் அமைப்புக்கு உண்டு. தோட்டம், வாகன நிறுத்தம், சமாஜ மந்திர் என்று அவ்விடங்களில் எழுதுகிறபோதே அங்கன்வாடி என்றும் எழுதிவைக்கலாம். எழுதாமல் விட்ட மனைப்பிரிவில் குடியேற்றம் முடிந்தபின் வாடகைக்கு அறை தேடி அலையும் வேலை சேவிகாவின் தலையில் விழுகிறது.