கல்யாண மாலையும் சிலிக்கா ஜெல்லும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. "அங்கிள், நீங்க பூவைக் கெடாம வெச்சுத் தருவீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். பைக்குள் முகூர்த்த மாலைகள் இரண்டு. முகூர்த்தம் முடிந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பையின் உட்புறமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சம்பங்கி பழுத்து வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? இந்த நிலைமை இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. டிப்ளமா முடித்து வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்தது மின்சார ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் சப்-ஸ்டேஷன்கள். அங்கே உள்ள டிரான்ஸ்பார்மர் மனிதனைப் போல மூச்சு விடும். சூடானால் உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும். குளிர்ந்தால் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு ஈரம் போய்விட்டால் எண்ணெய் கெட்டது. ஆகவே மூச்சுக்குழாயில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சிலிக்கா ஜெல் வைத்திருப்போம். காய்ந்திருக்கும்போது நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு. சிவந்ததை எடுத்துச் சூடு பண்ணினால் மறுபடி நீலமாகிவிடும். ஈரத்தை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் என் உத்தியோகத்தில் பாதி. பூவைக் காப்பதும் அதே வேலைதான். பூவைக் கெடுப்பது அதன் உள்ளே இருக்கும் தண்ணீர்.

இவ்வளவு தெரிந்தவன்தான் சொந்த மகளின் மாலையைக் கெடுத்தேன்.

2018 ஆவணியில் இங்கே கல்கத்தாவில் அவள் கல்யாணம். (கொல்கத்தா என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, மன்னிக்கவும்.) முதல் நாள் விடிகாலையில் நானும் என் மனைவியும் ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனோம். போகாதவர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். கோலாகாட், பான்ஸ்குரா பக்கத்துப் பூவெல்லாம் லோக்கல் ரயிலில் ஹவுரா வந்து, பாலத்தைக் கடந்து, கூடை கூடையாகத் தலையில் இறங்கும். நாம் சம்பங்கி என்பதை இங்கே ரஜனிகந்தா என்கிறார்கள். இங்குள்ள கல்யாணங்களிலும் அதுதான் மாலை. அவர்கள் பேல் பூல் என்பது நம் குண்டுமல்லியேதான். மரிக்கொழுந்து மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் காமினி இலையைச் சேர்த்துக் கட்டித் தந்தார்கள்.

மல்லியை மட்டும் என் மனைவி கட்டுவதற்கு விடவில்லை. இங்கே பூக்காரர்கள் ஊசியில் நூல் கோத்துப் பூவைக் குத்தித்தான் மாலை செய்வார்கள். "குத்தின பூ சீக்கிரம் கறுத்துடுங்க. நானே தொடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கும்பகோணத்திலிருந்து வரவழைத்த வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை தொடுத்தாள். மகளின் ஜடைக்கு நான்கு முழம். கடைசிப் பூவைத் தொடுத்தபோது கை வலிக்கிறது என்று விரலை நீவிக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

முகூர்த்தம் ஆயிற்று. "அப்பா, இந்த மாலையைக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாக்குக்குள்ள வெச்சுத் தாங்களேன், ரெசின்ல செய்யறாங்களாம்" என்றாள் மகள். என் மாமியார் உடனே, "மாப்ளே, வாடின பூவை வீட்டுக்குள்ள வெச்சுக்கப்படாது. ஆத்துல போடறதுதான் முறை" என்றார். அவருக்கு அப்போது எண்பத்தொன்று. பெரியவர்கள் சொல்லில் ஒரு நியாயம் இருக்கிறது. வாடின பூவில் பூசணமும் பூச்சியும் வரும். ஆனால் உலர்ந்த பூ வேறு, வாடின பூ வேறு என்று நான் வாதாடினேன். கடைசியில் "மரத்தடியில போட வேண்டியதைப் போடு, நாலு பூவை வேணா வெச்சுக்கோ" என்று தீர்ப்பு வந்தது. அந்த நாலு பூ என்ற வார்த்தையை அன்றே கேட்டிருக்கலாம். மகளுக்கோ முழு மாலையும் வேண்டும். எனக்கோ சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும்.

கடையில் ஒரு கிலோ நீல ஜெல் வாங்கினேன். (காசு கொடுத்துத்தான், ரயில்வே சொத்தல்ல.) ஒரு டப்பாவில் மாலையைச் சுருட்டி வைத்து ஜெல்லைக் கொட்டி மூடினேன். மறுநாள் காலை மொத்தமும் சிவப்பு. கணக்கு எவ்வளவு எளிது பாருங்கள்: மாலை ஒன்றரைக் கிலோ. பூவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆக 1,200 கிராம். ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரம்தான் குடிக்கும். அப்படியென்றால் குறைந்தது மூன்றரைக் கிலோ வேண்டும், நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு பொறியாளன் இந்தப் பெருக்கலைப் போடாமல் வேலையில் இறங்கினான். டிரான்ஸ்பார்மருக்குப் போடும் ஜெல் மிளகு அளவு உருண்டை வேறு. ஒவ்வொரு இதழிலும் அம்மைத் தழும்பு போலப் பள்ளம் விழுந்தது.

மகளும் மாப்பிள்ளையும் பத்தாம் நாள் புனே கிளம்ப வேண்டும். இதழைத் தொட்டால் சருகு மாதிரி இருந்தது. சரி, காய்ந்துவிட்டது என்று எபாக்ஸி ரெசினை ஊற்றினேன். ரோஜாவின் அடிக்காம்பும் சம்பங்கியின் குழலும் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கின்றன. மூன்று வாரத்தில் புனேயிலிருந்து போட்டோ வந்தது. ஒவ்வொரு பூவைச் சுற்றியும் டீ சிந்தினது போலப் பழுப்பு வளையம். தீபாவளிக்குள் கறுத்துவிட்டது. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் நாங்கள் போனபோது அது அலமாரியின் பின்வரிசையில் இருந்தது. என் மனைவிதான் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. சிப்பூரில், 1787-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை அடுத்து மத்திய தேசிய உலர் தாவரகம் இருக்கிறது. அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிய செடிகள் சுமார் இருபது லட்சம். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பூக்கள் அங்கே இதழோடு இருக்கின்றன. மந்திரம் ஒன்றும் இல்லை: உறிஞ்சும் தாள், மேலே பளு, அடிக்கடி தாளை மாற்றும் பொறுமை, வெயிலும் பூச்சியும் படாத அலமாரி. காய்ந்த பூ வியாபாரமும் நம் நாட்டில் பெரியது. கப்பலில் வெளிநாடு போகும் உலர் பூக்களுக்குப் பேர் போன இரண்டு ஊர்கள் நம் தூத்துக்குடியும் இந்தக் கல்கத்தாவும். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் வீட்டில் செய்யக்கூடிய முறைகளைப் பெண்களுக்குப் பயிற்சியாகவே கொடுத்திருக்கிறது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முழு மாலைக்கு ஆசைப்படாதீர்கள். மாலை கட்டுகிறவரிடம் முன்பே சொல்லி, அதே கூடையிலிருந்து பத்துப் பூவைத் தண்ணீர் தெளிக்காமல், குத்தாமல் தனியாக வாங்கி வையுங்கள். கழுத்தில் விழுந்த பூதான் வேண்டும் என்று பெண்கள் சொல்வது நியாயமே. அதற்காக மாலையிலிருந்து மூன்று நான்கு நல்ல பூவை முகூர்த்தம் முடிந்து போட்டோ எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் தாள் விரித்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். பிளாஸ்டிக் பை மட்டும் கூடாது.

பூ உலர்த்துவதற்கென்றே மணல் போன்ற பொடி ஜெல் கிடைக்கிறது. நீல நிறம் கோபால்ட் உப்பினால் வருவது, உடம்புக்கு ஆகாது. நிறமில்லாத ஜெல்லோ, ஆரஞ்சு நிறத்ததோ போதும். எதுவானாலும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு அங்குலம் ஜெல் பரப்பி, காம்பை ஒரு அங்குலம் விட்டு நறுக்கிய ரோஜாவை நிமிர்த்தி வைத்து, ஓரத்திலிருந்து கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக இதழ்களுக்கு நடுவே விழும்படி போட வேண்டும். மேலிருந்து கொட்டினால் பூ நசுங்கும். மூடிவிட்டு ஒரு வாரம் திறக்காதீர்கள். எடுத்த பிறகு சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் எடை மாறாமல் இருந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்து முடிவு செய்தவன் கதியை மேலே படித்தீர்கள்.

எல்லாப் பூவும் ஒரே மாதிரி வராது. அடர் சிவப்பு ரோஜா கறுப்பாகத் தெரியும். பன்னீர் ரோஜா நிறமும் ஆரஞ்சும் பரவாயில்லை. வெள்ளை எல்லாம் தந்த நிறமாகும். செவ்வந்தி நன்றாக வரும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் ஜெல்லே இல்லாமல், இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். வாடாமல்லியின் இதழில் தண்ணீரே கிடையாது, தாள் மாதிரி. நம் பாட்டிமார் அதற்குச் சரியாகத்தான் பெயர் வைத்தார்கள். மாலையில் ஒரு வரிசை வாடாமல்லி வைக்கச் சொல்லுங்கள், அது மிஞ்சும்.

ரெசின் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பூ எடை மாறாமல் காய்ந்திருந்தால் செய்யலாம். இரண்டு திரவத்தையும் புட்டியில் போட்டிருக்கும் விகிதப்படி எடை போட்டே கலக்க வேண்டும், கண் மதிப்பில் அல்ல. ஒரேயடியாக ஊற்றினால் தானே சூடாகிப் பூவை வேகவைத்துவிடும். மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும். இவ்வளவும் செய்தாலும் வெயில் பட்டால் சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும். என் அபிப்பிராயம், ஆழமான கண்ணாடிச் சட்டத்துக்குள் பூவை வைத்து, ஓரத்தில் சின்ன ஜெல் பொட்டலம் மறைத்து, சிலிகான் பசையால் அடைத்துவிடுவது மேல். நாளைக்குக் கெட்டால் திறந்து சரி செய்யலாம். ரெசினைத் திறக்க முடியாது. 2023 தை மாதம் டாட்டாநகரில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு இப்படிச் செய்த சட்டம் இன்றும் நன்றாக இருக்கிறது.

மல்லிகைக்கு மட்டும் எந்த வழியும் பலிக்கவில்லை. மெல்லிய இதழ், பறித்து ஒரு நாளில் பழுப்பாகும், காய்ந்தால் வாசனையும் போய்விடும். ஜெல், அழுத்தம், வெண்காரம் எல்லாம் பார்த்துவிட்டேன். அதன் வாசனையைப் பிடிக்க வடக்கே ஒரு பழைய வழி உண்டு: எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் போட்டு, பூவை மாற்றிக்கொண்டே இருந்து, அந்த எள்ளைச் செக்கில் ஆட்டித் தலைக்கு எண்ணெய் எடுப்பார்கள். வாசனை கிடைக்கும், பூ கிடைக்காது.

2021 மே மாதம் என் மனைவி காலமானாள். அந்த மாதம் நம் சங்கத்தில் எத்தனை வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். மறு வருஷம் அவள் பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே கல்யாணத்தன்று மகள் ஜடையிலிருந்து அவிழ்த்த அந்த நான்கு முழம். எனக்குத் தெரியாமல் அவள் எடுத்து வைத்திருக்கிறாள். பூவெல்லாம் டீத்தூள் மாதிரி உதிர்ந்து டப்பாவின் அடியில் கிடந்தது. ஆனால் நார் இருந்தது. நனைத்துத் தொடுத்த வாழை நார் காய்ந்தால் முறுக்கேறி அப்படியே நின்றுவிடும். பூக்கள் இருந்த இடம் காலியாக, முடிச்சுகள் மட்டும் வரிசையாக, ஒரே இடைவெளியில். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பதினொரு மணி வரை தொடுத்தும் ஒரு இடத்திலும் தளரவில்லை.

அதை வெள்ளைத் துணி மேல் சுருளாக வைத்துக் கண்ணாடி போட்டுப் புனேக்கு எடுத்துப் போனேன். மகள் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரெசின் கட்டியையும் பெட்டியிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "அது வேண்டாம்மா" என்றேன். "இருக்கட்டும்பா, நீங்க செஞ்சது" என்றாள்.

முதலில் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் பை மாலைகளில் உதவிக்கு ஆனது நான்கு ரோஜாவும் ஒரு வரிசை வாடாமல்லியும்தான். மீதியை அவர்கள் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் போடச் சொன்னேன். சட்டம் அடுத்த வாரம் தயாராகிவிடும். ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் ஜெல்லைச் சூடு பண்ணித் தயாராக வைத்திருப்பேன். மழைக்காலம், அதிகம் வேண்டியிருக்கும். பூவை மட்டும் அட்டைப் பெட்டியில் கொண்டு வாருங்கள்.