தாதிமைக் கல்விக்கு முன்: பழக வேண்டியதும் தொடக் கூடாததும்

சிங்கப்பூரில் தாதியாகப் பணிபுரிய, தாதிமை வாரியம் ஏற்றுக்கொண்ட படிப்பை முடித்து, அவ்வாரியத்தில் பதிந்து, தொழில் புரிவதற்கான சான்றிதழையும் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ, நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலோ, பல்கலைக்கழகத்திலோ சேர்வதற்கு முன் ஒரு மாணவர் பெறத்தக்க அனுபவம் ஊசி போடுவதிலும் மருந்து கொடுப்பதிலும் இல்லை. நோயுற்றவரின் பக்கத்தில் பொறுமையாக இருக்கப் பழகுவதில்தான் இருக்கிறது.

தேக்காச் சந்தைக்கு அருகிலேயே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. சற்று வடக்கே டான் டோக் செங் மருத்துவமனை. ஆயினும் தொடக்க அனுபவத்துக்கு, ஒரே முதியவரை மாதக்கணக்கில் பார்த்துப் பழக இடமளிக்கும் தாதிமை இல்லங்களே மேல். 1948இல் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் இனவேறுபாடின்றி முதியோரைப் பேணுகிறது. தமிழ் மட்டுமே பேசும் ஒருவரிடம் வலி எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டு, எதையும் கூட்டாமல் குறைக்காமல் தாதியிடம் சொல்லத் தெரிந்த இளையவர் அங்கே பெரிதும் வேண்டப்படுபவர். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கை முறையில் மதிப்பெண்ணோடு ஆர்வமும் திறனும் நேர்காணலில் கணிக்கப்படுவதால், இவ்வனுபவம் அங்கும் பயன் தரும்.

நல்லெண்ணமே தீங்காக முடியும் இடங்களும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் ஆற்றல் குன்றியவர்களுக்கு, நீர்ப்பொருள்கள் மூச்சுக்குழாய்க்குள் இறங்காதிருக்க, கெட்டிப்படுத்தும் மாவு கலந்த பானமே தரப்படும். அத்தகைய பாட்டி ஒருவர் ஒரு வாய் தேத்தண்ணீர் கேட்க, இரக்கப்பட்டுச் சாதாரணத் தேநீரைக் கொடுத்தால், அது நுரையீரலில் இறங்கி நிமோனியாவில் முடியலாம். கட்டிலருகே எழுதியிருப்பதைப் படித்து, தாதியைக் கேட்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு கரண்டி விழுங்கிய பிறகே அடுத்த கரண்டியை நீட்டுவதும், இருமல் வந்தால் உடனே நிறுத்தித் தாதியை அழைப்பதும் தாதிமையின் முதற்பாடங்கள். ஆள் போதவில்லை என்று மருந்தூட்டவோ காயத்துக்குக் கட்டு மாற்றவோ யாரேனும் பணித்தால், மறுப்பது அவமரியாதையன்று; அது நோயாளியின் பாதுகாப்பு, மறுப்பவரின் உரிமையும்கூட.

பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்போதே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்; எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், பயந்து மறைப்பது ஆபத்து. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பலர் அறியாத வேறுபாடு ஒன்று இங்கே உண்டு: சம்பளம் பெறும் பகுதிநேரப் பராமரிப்பு உதவியாளர் 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஓராண்டுக்குள் இழப்பீடு கோரலாம்; தொண்டூழியர் ஊழியராகக் கருதப்படாததால் அச்சட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் தொண்டூழியர் முதல் நாளிலேயே தமக்குக் காப்புறுதி உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நோயாளியின் முகமோ பெயர்ப்பட்டையோ தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் இடுவது அவருடைய அந்தரங்கத்தைப் பறிப்பதாகும்.

பணம் கட்டிச் சேரும் தனியார் வகுப்புகள் தனிக் கவனத்துக்குரியவை. பராமரிப்பு உதவியாளர் பயிற்சி அந்த வேலைக்குப் பயன்படுமே தவிர, எவரையும் தாதியாக்காது. ஒரு படிப்பைத் தாதிமை வாரியம் ஏற்றிருக்கிறதா என்பதை வாரியத்தின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். பொய்யான உறுதிமொழியால் கட்டணம் இழந்தவர்கள் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திலும் தாக்கல் செய்யலாம். கல்வி உதவி பெறும்போது எழுதித்தரும் பணிப்பிணைப்பு, அதாவது படித்த பின் குறித்த காலம் உழைப்பதாகத் தரும் உறுதி, முறிந்தால் அபராதத்தொகை பொதுவாகப் பிணை நின்றவர்களையும் சேரும். எனவே பிள்ளைக்காகக் கையெழுத்திடும் பெற்றோர், எத்தனை ஆண்டுப் பணி, முறித்தால் எவ்வளவு தொகை, நோயுற்றால் விலக்கு உண்டா என்னும் மூன்றையும் எழுத்தில் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.