சன்ஷேடுக்கு அடியில் ஒரு கோடு

ஹைதராபாத் பேகம்பேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் பக்கம் கடைகளெல்லாம் கண்ணாடி முகப்பாகிவிட்டன. பழைய கடைக் கட்டடங்களில் அண்ணாந்து பார்க்க அப்படி என்ன இருக்கிறது?"

பஸ் ஏறிப் பத்தர்கட்டிக்குப் போங்கள். 1908 மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பின் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் எழுப்பிய கருங்கல் கடைவரிசை அது. அப்படியே 1935-இல் கட்டிய மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட்டையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வளைவும் மணிக்கூண்டும் தாமாகவே கண்ணில் படும். பழைய கடைவீதி எதுவானாலும் நான் தேடுவது வேறொன்றை: சன்ஷேடின் அடிப்பக்கம்.

ஒழுங்காகக் கட்டிய சன்ஷேடில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, விரல் அகலத்துக்கு நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். விளிம்புக்கு வந்த மழைநீர் எல்லாம் அங்கேயே சொட்டிவிடுவதில்லை; ஒரு பகுதி பரப்பைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாகவே சுவரை நோக்கி ஊரும். டம்ளரை மெதுவாகச் சாய்த்துக் காபி ஆற்றும்போது, டபராவில் விழாமல் டம்ளரின் வெளிப்புறமாக வழிந்து என் முழங்கையை நனைக்குமே, அதே சங்கதிதான். பள்ளத்தின் கூர்விளிம்பு வந்ததும் நீரால் அதைத் தாண்ட முடியாது. அங்கேயே திரண்டு, கனத்து, தெருவில் விழும். இந்தக் கோடு இல்லாவிட்டால் நீர் சுவரில் இறங்கும், உப்புப் பூக்கும், சுண்ணாம்புக் காரை உதிரும், அந்த இடுக்கில் அரசங்கன்று வேர்விடும்.

இவ்வளவு உழைக்கும் கோட்டுக்கு நாம் செய்யும் மரியாதை? பெயின்ட் அடிக்கும்போது பட்டி பூசி அடைத்துவிடுகிறோம். மேலே ஏசி பெட்டி, முன்னால் ஃபிளெக்ஸ் பலகை. ஈரம் வந்ததும் சிமெண்டைக் குழைத்து அப்புகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். பிறகு, "பழைய கட்டடம், இடித்துவிடலாம்" என்கிறோம். கட்டடம் கெடவில்லை, நாம் கெடுத்தோம். மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட்டும் பாழாகத்தான் கிடந்தது. சீரமைத்து 2020 ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். இன்று ஊரே அங்கே நின்று படம் எடுக்கிறது.

கடை உங்களுடையதானால், அடுத்த முறை பெயின்டர் ஏணி போடும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கோட்டைச் சுரண்டிச் சுத்தம் செய், பட்டி போட்டு மூடிவிடாதே." அரை நாள் கூலிதான் ஆகும்.