மீட்டர் விளக்கு ஏன் மங்குகிறது?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரையோரம் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளில் மீட்டர் விளக்கு மங்கினால், பல்பை மாற்றுவதே பலரும் முதலில் செய்வது. பெரும்பாலும் அது வீண் செலவு. எல்லா விளக்கும் ஒன்றாக மங்கினால் கோளாறு பல்பில் இல்லை, அநேகமாக எர்த்தில் இருக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். மீட்டரின் கறுப்பு ஒயரும் அந்த உடலில்தான் ஒரு போல்ட்டில் முடுக்கப்பட்டிருக்கும்; இந்த இணைப்புதான் எர்த். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இணைப்பில் படிந்த கடல் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது; கடலோரத்தில் இது அன்றாடம் நடப்பது. செம்பு முனை பச்சை பூத்து, போல்ட்டடியில் துரு ஏறி, மின்தடை கூடுகிறது. இழை பல்புக்கு இது பெரிய அடி: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும்.

விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கியபின் வாசலின் தடவினால் போதும்.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பையோ ஹோல்டரையோ பார்க்கலாம். பின்விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். அளவு கூடிய ஃப்யூஸ் போடவே கூடாது; ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும்.