மேஜைக்கு எமன் யார்?

தாய் வீட்டுச் சீதனமாக வந்த மேஜை. நல்ல மரம். பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. மின்சார ரைஸ் குக்கர் அதன் மேல் ஏறியது. அவ்வளவுதான்! பலகை வளைந்தது. இணைப்பு வாய் பிளந்தது. ஓரம் கறுத்தது.

"ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சிந்தவில்லையே!" என்று திகைக்கிறாள் இல்லத்தரசி.

சிந்திய தண்ணீரைக் கண்டால் யாரும் துடைத்து விடுவார்கள். கண்ணில் படாத ஈரம்தான் எமன்!

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த ஆவி, மேலே உள்ள அலமாரியில் போய் ஒட்டுகிறது. குளிர்ந்து மறுபடி தண்ணீர் ஆகிறது. குக்கர் மூடியில் இருந்தும் வழிகிறது. அடியில் தேங்குகிறது. கிரைண்டருக்கு அடியிலும் இதே கதைதான்.

பலகை வளைவது ஏன்?

ஈரம் குடித்த மரம் அகலத்தில் பெருக்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. மழைக்காலத்தில் வாசல் கதவு இறுகிக் கொள்கிறதே, அதே சங்கதி. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் பெருக்கும். பலகை வளையாமல் என்ன செய்யும்? மரத்தூள் பலகை என்றால் இன்னும் மோசம். உப்பினால் உப்பியதுதான்.

கறுப்பு எப்படி வந்தது? ஈரப் பலகையில் இரும்புச் சட்டியை வைத்ததால் வந்தது. மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்தார்கள் அல்லவா? இங்கே மேஜை மேலேயே மை தயாராகிறது!

என்ன செய்யலாம்?

குக்கரை அலமாரிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். குழந்தையின் கை எட்டும் ஓரமும் வேண்டாம். அடியில் விளிம்பு உள்ள அகலமான எவர்சில்வர் தட்டு வையுங்கள். சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி விட்டு, தட்டை எடுத்துத் துடையுங்கள். கிரைண்டரைத் தினமும் தூக்க முடியாது. அதைக் கல் மேடைக்கு மாற்றுவதே நல்லது.

தேங்காய் எண்ணெய் பூசலாமா? கூடாது. அது காயாது, சிக்கு வாடை அடிக்கும். பெயிண்டுக் கடையில் கிடைக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். மரத்தை நன்றாகக் காய விடுங்கள். பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடையுங்கள். காய்ந்ததும் மறுபடி பூசுங்கள். அடிப்பக்கத்தை மறந்து விடுகிறார்கள். அங்கேயும் பூச வேண்டும். வெட்டு முனைகளில் இன்னும் கவனம் தேவை; ஈரத்தை அதிகம் குடிப்பது அவைதான். அந்தப் பலகையில் காய் நறுக்க வேண்டாம்.

துணி தீப்பிடிக்கும்!

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபடும். தீக்குச்சி இல்லாமலே பற்றிக் கொள்ளும்! துணியைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். வீட்டுக்கு வெளியே ஒற்றையாக விரித்துப் போடுங்கள். முழுவதும் காய்ந்து விறைத்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.