மஸில் காருக்கு அகலமான டயரா? வாங்கும் முன் அளவெடுங்கள்!

1970-ல் வெளிவந்த ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454 காரின் பானெட்டுக்குள் இருந்தது 7.4 லிட்டர் வி8 இன்ஜின். அதிலேயே உச்சமான எல்.எஸ்.6 இன்ஜினின் சக்தி 450 குதிரைத்திறன் என்று கம்பெனியே அறிவித்தது. அவ்வளவு சக்தியையும் சாலையில் இறக்க அந்தக் காருக்குக் கிடைத்தது 14 இன்ச் வீலும் எஃப்70-14 டயரும்தான். இன்றைக்குக் குடும்பத்தோடு போகிற எஸ்.யூ.வி-யே 17, 18 இன்ச் வீலில் ஓடுகிறது. யானை உடம்புக்கு ஆட்டுக்கால் வைத்த மாதிரி!

1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ-வில் சூடுபிடித்த இந்த 'மஸில் கார்' மோகம், இன்ஷூரன்ஸ் செலவு, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1973 எண்ணெய் நெருக்கடி என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளில் அடங்கிப்போனது. தப்பிய கார்களை அமெரிக்கக் குடும்பங்கள் பொக்கிஷமாகப் பாதுகாக்கின்றன. தாத்தாவின் காரைக் கையில் வாங்கும் பேரனுக்கு முதலில் வரும் ஆசை, அகலமான டயர். ஆசையில் தவறில்லை. அளவெடுக்காமல் வாங்கினால்தான் வம்பு.

அகலம் கூடினால் என்ன லாபம்?

அகல டயர் என்றால் அதிக ரப்பர் சாலையைத் தொடும் என்று பலரும் நினைப்பார்கள். உண்மை கொஞ்சம் வேறு. காரின் எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை, டயர் சாலையைத் தொடும் பரப்பளவு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும்; நீளம் குறைந்து, அகலம் கூடும். வளைவில் திரும்பும்போது இந்த வடிவம் கைகொடுக்கும். கூடவே, இன்றைய டயர்களின் ரப்பர் கலவையும் அன்றையதைவிடப் பல மடங்கு மேம்பட்டது. அன்றைய கார்களில் இருந்தது பயஸ் பிளை டயர். இன்று கிடைப்பது பெரும்பாலும் ரேடியல். பிடிமானம் கூடுவதற்குப் பாதிக் காரணம் இந்த மாற்றமே. இரண்டு வகையையும் ஒரே காரில் கலந்து மாட்டவே கூடாது.

டயரில் உள்ள எண்களைப் படியுங்கள்

பழைய எஃப்70-14 டயருக்கு ஏறக்குறைய இணையானது 225/70ஆர்14. இதில் 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 70 சதவிகிதம். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது வீலின் விட்டம், இன்ச்சில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் 671 மி.மீ.

அதற்குப் பதிலாக 245/60ஆர்15 போட்டால் அகலம் 20 மி.மீ. கூடுகிறது. மொத்த உயரமோ 675 மி.மீ.தான். வெறும் 4 மி.மீ. வித்தியாசம் என்பதால் ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று பின்னால் 275/60ஆர்15 மாட்டினால் உயரம் 711 மி.மீ. ஆகிவிடும். அப்போது மீட்டர் 60 மைல் காட்டினால், கார் 63 மைலைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்! புது டயரின் எடை தாங்கும் திறனும் பழையதைவிடக் குறையக் கூடாது.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். 7 இன்ச் ரிம்முக்குப் பதில் 8 இன்ச் ரிம் வாங்குகிறார்கள். கூடுதலான அந்த ஓர் இன்ச் உள்பக்கம் போகுமா, வெளிப்பக்கம் வருமா? இதைத் தீர்மானிப்பது 'பேக்ஸ்பேசிங்'. வீலைக் குப்புறப் படுக்கவைத்து, பின்பக்க விளிம்பின் மீது ஒரு நேரான கட்டையைக் குறுக்கே வையுங்கள். அங்கிருந்து, ஹப்போடு சேரும் பகுதி வரை உள்ள ஆழத்தை அளந்தால் அதுதான் பேக்ஸ்பேசிங். இது அதிகமானால் வீல் உள்ளே தள்ளிப் போகும். குறைந்தால் வெளியே துருத்தும்.

போல்ட் இடைவெளியும் முக்கியம். ஷெவெலிலும் ஐந்து போல்ட், அந்தக் கால வி8 மஸ்டாங்கிலும் ஐந்து போல்ட். ஆனால், ஷெவெலின் போல்ட் வட்டம் 4.75 இன்ச், மஸ்டாங்கினுடையது 4.5 இன்ச். ஒன்றின் வீல் மற்றொன்றுக்குச் சேராது.

எங்கெல்லாம் உரசும்?

கார் நிற்கும்போது ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, கார் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் இன்னும் அழுந்தும். அப்போது மட்கார்டின் உள்விளிம்புத் தகடு கத்தியாக மாறி டயரைக் கிழித்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆகவே, சஸ்பென்ஷனை ஜாக் கொண்டு அழுத்திப் பார்த்தே இடைவெளியை அளக்க வேண்டும். முன்பக்கம், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கமாரோ, மஸ்டாங் போன்ற கார்களில் பின்னால் பட்டை ஸ்பிரிங் இருப்பதால் உள்பக்க இடைவெளியையும் சோதிப்பது அவசியம். இடது பக்கம் அளந்தது வலது பக்கத்துக்கும் பொருந்தும் என்று விட்டுவிடக் கூடாது. ஐம்பது வருடக் கார். ஏதோ ஒரு பழைய விபத்தில் பாடி சற்றே விலகியிருக்கலாம்.

ஓட்டும்போது என்ன மாறும்?

பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அகல டயர் போட்டால், பார்க்கிங் செய்யும்போது தோள் வலிக்கும். சாலையில் உள்ள வரிப்பள்ளங்கள் காரைப் பக்கவாட்டில் இழுக்கும். மழைநீர் தேங்கிய சாலையில் அகல டயர் சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். பழைய காரின் வீல் அலைன்மென்ட் அளவுகள் பயஸ் பிளை டயருக்காக எழுதப்பட்டவை. ரேடியல் மாட்டியபின் அதற்கேற்ப அலைன்மென்ட் செய்தால்தான் கார் நேராக ஓடும். நட்டுகள் புது வீலுக்குப் பொருத்தமானவையா என்று பார்ப்பதோடு, முதல் 50, 100 மைல் ஓடியபின் மறுபடி முடுக்குவதும் நல்லது.

பட்டனை மட்டும் நம்பாதீர்கள்!

இந்தக் கார்கள் வருடத்துக்குச் சில நூறு மைல்கூட ஓடாமல் இருப்பது உண்டு. டயரில் பட்டன் புதுசுபோல இருக்கும்; உள்ளே ரப்பர் கெட்டுப்போயிருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. கார் கம்பெனிகள் பலவும் 6 ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்கின்றன. 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது டயர் கம்பெனிகள் சிலவற்றின் கணக்கு.

இன்னும் அகலமான டயர் வேண்டும் என்றால் மட்கார்டு விளிம்பை மடக்குவது, உள்தகட்டை வெட்டுவது என்று வேலை நீளும். விளிம்பை மடக்கும்போது பெயின்ட் வெடிக்கலாம். வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்குவது பெரிய செலவு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்குத்தான் ஏலத்தில் மதிப்பு அதிகம். தகட்டைத் தொடாமல் எவ்வளவு அகலம் பொருந்துமோ, அதோடு நிறுத்திக்கொண்டு, கழற்றிய பழைய வீல்களை ஒரு மூலையில் பத்திரமாக வைத்துவிடுவது புத்திசாலித்தனம். அடுத்த தலைமுறைக்கு அந்த 14 இன்ச் வீலே அழகாகத் தெரியலாம். அன்றைக்கு நான்கு வீல்களைக் கழற்றி மாட்டினால் போதும், தாத்தாவின் கார் பழையபடி திரும்பிவிடும்.