இட்லி மாவும் பக்கவாத மறுவாழ்வும்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

"ஆபத்து தாண்டிடுச்சு, இனிமே பிசியோதான்" என்று சொல்லி டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார். பக்கவாதம் வந்தவரின் வீட்டில் அன்று இரவே விவாதம் தொடங்கும். மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, பிசியோவை வீட்டுக்கு வரவழைப்பதா, தினமும் ஆட்டோ பிடித்துப் போய்வருவதா? பெரும்பாலும் கட்டணமும் கட்டடமும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இட்லி மாவு தயாராகும் விதத்தை நினைத்துக்கொண்டால் வேறு கேள்விகள் தோன்றும்.

முதலில் ஊற வேண்டும். ஊறாத அரிசியை கிரைண்டரில் போட்டு யாரும் அவசரப்படுத்துவதில்லை. 2015-ல் வெளியான 'அவெர்ட்' ஆய்வில், பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தவர்கள் மூன்று மாதம் கழித்து மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். அதற்காக ஊறப்போட்டதை மறந்துவிடவும் கூடாது. மூளை புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ளும் வேகம் முதல் சில மாதங்களில்தான் அதிகம்.

அடுத்தது அரைப்பது. எல்லாமே இதில்தான் இருக்கிறது. கிரைண்டர் எந்தக் கம்பெனி என்பதைவிட எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதே முக்கியம். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்ந்தவருக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் பயிற்சி தரப்படுகிறது. இங்கே பிசியோ வந்து, படுத்திருப்பவரின் கைகாலை மடக்கி நீட்டிவிட்டுப் போவதையே சிகிச்சை என்று நம்பிவிடுகிறோம். மூட்டு இறுகாமலிருக்க அது உதவும். ஆனால் அது அரைத்த கணக்கில் வராது. டம்ளரை எடுப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, நாற்காலியிலிருந்து எழுவது என்று நோயாளியே முயன்று, திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை கற்கும்.

உளுந்து தனி, அரிசி தனி. நடைக்கு பிசியோ, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவதற்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஸ்பீச் தெரபிஸ்ட். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் கஞ்சி புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். மூவரும் இல்லாத இடத்தை நான் மையம் என்று சொல்லமாட்டேன்.

பிறகு உப்புப் போட்டுக் கையால் கலப்பது. அது குடும்பத்தின் வேலை. கிரைண்டர் வேலையையும் குடும்பத்தின் தலையில் கட்டலாமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு (2017), வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே செய்யச் சொன்னது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனாலும் வீட்டார் கற்கவேண்டியது நிறைய உண்டு. உதாரணமாக, விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு கெட்டுப்போகும்.

புளிப்பது நம் கையில் இல்லை. சித்திரையில் சீக்கிரம், மார்கழியில் தாமதம். மூளையும் பாதிப்பின் அளவுக்கும் வயதுக்கும் ஏற்பத் தன் போக்கில்தான் தேறும். "ஒரே மாதத்தில் நடக்க வைக்கிறோம்" என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, எங்கே போவது? டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே உருவாக்கிய வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். எங்கே போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எங்கப்பாவே பயிற்சி செய்வார்?"